நாகலக்ஷ்மி மாமி வாசலில் அரபிக்கடல்

வலியசாலை,
திருவனந்தபுரம்.
கொல்லம் 1113, தனு 18

மகா-ள-ஸ்ரீ 'பூலோக விளக்கம்' பத்திராதிபர் அவர்கள் சமூகத்திற்கு, வலியசாலை அனந்தபத்மநாபன் குமாரத்தி விஜயம் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்ட விண்ணப்பம். இவ்விடம் ஸ்ரீபத்மநாபன் கிருபையால் மழை, வெயில், கொசு மூன்றும் அதனதன் அளவில் இருக்கின்றன. அவ்விடம் திருநெல்வேலியில் தாங்களும், தங்கள் அச்சுக்கூடமும், மேஜைமேல் இருப்பதாகத் தாங்கள் இதழில் எழுதியிருந்த பூகோள உருண்டையும் சௌக்கியமாய்ச் சுற்றிவரப் பிரார்த்திக்கிறேன்.

இதுக்குமேலே மரியாதைத் தமிழ் எழுத என்னாலே ஆகாது, ஸார். கோபம் கோபமா வரது. மசிக்கூடு ஒருதரம் கவிழ்ந்தாச்சு.

நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்கு உங்களைத் தெரியும். நான் நாலாங்கிளாஸோட நின்னவ. பாக்கிப் படிப்பு முழுக்க உங்க பத்திரிகைதான். முப்பத்திரண்டு இதழும் வரிசையா அடுக்கி வெச்சிருக்கேன், யாரையும் தொட விடமாட்டேன். தோசைக்கு அரைக்கறச்சே சமுத்திரங்களைச் சொல்லிண்டே அரைப்பேன். பசிபிக் வந்தா மாவு பதம் வந்துடும். கார்த்திகை இதழ்லே எழுதினேளே, பூகோளத்தைப் பள்ளிக்கூடத்துக்குள்ளே பூட்டி வைக்காதேங்கோ, வாத்தியார், குழந்தைகள், வீட்டிலே இருக்கறவா எல்லாருமாச் சேர்ந்து தெருவிலேயே தேசத்தை வரைஞ்சு அதுமேலே நடந்து படியுங்கோன்னு, அதைப் பதினோரு தரம் வாசிச்சேன். கடைசித் தரம் அழுகையே வந்துடுத்து.

உடனே எங்க தெருக்கோடிப் பெண்பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் பஞ்சாபகேசன் ஸார்கிட்டே போனேன். அங்கே பூகோளப் பீரியட்லே பொண்களுக்கு உல்லன் பின்னக் கத்துக்கொடுக்கறா, கேட்டேளா? இந்த ஊர் உஷ்ணத்துக்கு உல்லன்! அதுவே பூகோளம் தெரியாததுக்கு ஒரு சாட்சியாக்கும். ஸார் சொன்னார், "எனக்கு விரோதமில்லை குழந்தே. பூகோளம் படிச்சு எங்க பொண்ணு எந்தக் கப்பலை ஓட்டப் போறான்னு பெத்தவா கேக்கறா. நீ தெருவைச் சம்மதிக்க வை. பொங்கல் கழிஞ்சு வகுப்பு வைக்கறேன். டீச்சரா நீயே வா." டீச்சரா நானே! அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை.

மார்கழியாச்சே, எல்லா வாசல்லேயும் பெருசு பெருசாக் கோலம் போடுவாளே, அதையே பிடிச்சுண்டேன். உங்க இதழோட வந்த திருவிதாங்கூர் படத்துமேலே தேங்காயெண்ணெய் தடவின தாளை வெச்சு, ரெண்டு பக்கமும் பளிச்சுன்னு தெரியறமாதிரி கோட்டை எடுத்தேன். எடுத்ததைக் கொடியிலே காயப்போட்டு, அப்புறம் முப்பது தாலுக்காப் பேரும் ஞாபகத்திலேருந்தே எழுதினேன், படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. எங்க தெரு தெற்கு வடக்கா நீளமா இருக்கு. தெற்குக் கோடியிலே பகவதிப்பெருமாள் பிள்ளை பலசரக்குக் கடை, அது கன்னியாகுமரி. வடக்குக் கோடி பறவூர். நடுவிலே இருக்கற ஒவ்வொரு ஆத்துக்கும் அவாஅவா வாசல்லே வர ஊர், ஆறு, மலை. ஆளுக்கொரு துண்டுத்தாள்லே எழுதிக் கொடுத்தேன். தலையை ஆட்டித்தான் எல்லாரும் வாங்கிண்டா. நேத்து விடிகாலம்பற என்ன பண்ணினான்னு கேளுங்கோ.

சுப்புலக்ஷ்மி மன்னிக்குக் கல்லாறு கொடுத்திருந்தேன். ஒரு கோடு, ஒரே ஒரு நெளிஞ்ச கோடு. "கோட்டைத் திறந்து விடப்படாதுடீ, லக்ஷ்மி வெளியிலே போயிடுவா"ன்னு ஆத்தோட ரெண்டு நுனியையும் சேர்த்து எட்டிதழ்த் தாமரையாக்கிட்டா. எங்கே உற்பத்தி, எங்கே முடிவுன்னு நான் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான்"னு வேதாந்தம் பேசறா! பிள்ளையோ, நாஞ்சில் நாட்டை நான் ஒரு சாண்லே அடைச்சுட்டேன்னு சண்டைக்கு வந்துட்டார். "என்ன மக்ளே இது? ஊரு பூரா எங்க அரிசியத் தின்னுட்டு எங்களுக்கு ஒரு சாணா?"ன்னு சொல்லி, கடையிலேருந்து ஒரு மரக்கால் நெல்லைக் கொண்டுவந்து நாஞ்சில் நாடு பூராக் கொட்டிட்டார். ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு பிள்ளேன்னு கத்தறேன், அவர் காதிலேயே போட்டுக்கலை. கோயில் பசு வந்தது. நாஞ்சில் நாட்டைச் சுத்தமாத் தின்னுது. தின்னுட்டு நெய்யாற்றின்கரை வழியா மெதுவா வடக்கே நடந்து, திருவனந்தபுரத்துமேலே சாணி போட்டுட்டுப் போச்சு.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கலாம், ஸார். எதிர்சாரி நாகலக்ஷ்மி மாமியைத்தான் பொறுக்க முடியலை. அவா வாசல் அரபிக்கடல். கடல்லே என்ன ஊரா, ஆறா? ஒண்ணும் போடவேண்டாம் மாமி, சும்மா விடுங்கோன்னு பணிவாத்தான் சொன்னேன்.

"மார்கழி மாசம் என் வாசல் வெறிச்சுனு கிடக்கணுமா? போறவா வரவா யாரு செத்துட்டான்னு கேக்கமாட்டாளோடீ?"

"கடல் மாமி அது."

"கடலா? காலம்பற சூரியன் எங்காத்துக் கொல்லைப்பக்கமாக்கும் உதிக்கறது. நம்மூர்க் கடல்லே சூரியன் அஸ்தமிக்கத்தானே செய்யும்? ஆறாட்டுக்கு ஸ்வாமி சங்குமுகம் கடற்கரைக்கு எந்தப் பக்கமா எழுந்தருள்றார்? உங்காத்துப் பக்கமாத்தானேடீ?"

"பூகோளம் வேற, கொல்லைப்பக்கம் வேற மாமி"ன்னேன். நீங்களே சொல்லுங்கோ, இதைவிட மரியாதையா எப்படிச் சொல்றது? அதுக்கு அந்த மாமி, "எனக்குப் படிக்கத் தெரியாது, நடக்கத் தெரியும்"னு ஒரு சொல்லு சொல்லிட்டு, அரபிக்கடல் மேலே இருபத்தொரு புள்ளியிலே தேர்க்கோலம் போட்டா. தேர், ஸார், கடல்மேலே! நடுவிலே சாணி உருண்டை, அதிலே பரங்கிப்பூ வேற.

சரியா ஏழு மணிக்குப் பஞ்சாபகேசன் ஸார் குடையோட வந்தார். கன்னியாகுமரியிலே ஆரம்பிச்சு, பசு விட்டுவெச்ச மிச்சத்தைத் தாண்டி, மெதுவாப் பறவூர் வரைக்கும் நடந்தார். ரெண்டு பக்கமும் பார்த்தார். மாமி என்னமோ சொன்னா, அவர் சிரிச்சார். சிரிச்சார், ஸார்! அப்புறம் என்கிட்டே வந்து, "குழந்தே, கன்னியாகுமரியிலே வடக்கே பார்த்து நில்லு. வலது கைப்பக்கம் என்ன இருக்கு, இடது கைப்பக்கம் என்ன இருக்குன்னு பார்த்துட்டு வா. அப்புறம் வகுப்பைப் பத்திப் பேசலாம்"னுட்டுப் போயிட்டார்.

எனக்கு எது வலது கைன்னு தெரியாதாமா? முப்பது தாலுக்காவும் தலைகீழாச் சொல்ற என்னைப் பார்த்து, அரிச்சுவடி வயசுக் குழந்தைகிட்டே கேக்கறமாதிரி, நடுத்தெருவிலே, மாமிக்கு முன்னாடி! வகுப்பு இல்லைன்னு நேரே சொல்லியிருக்கலாம். அப்பா காப்பியைக் குடிச்சுண்டே, "போனாப் போறது, உல்லனாவது கத்துக்கோ"ங்கறார்.

அதனாலே கேட்டுக்கறேன். வர இதழ்லே, தடிச்ச எழுத்திலே, இவா எல்லார் பேரையும் போடணும். பசுவைத் தவிர. 'பூகோள விரோதிகள்'னு தலைப்பு வெச்சா நன்னாயிருக்கும். நாகலக்ஷ்மி மாமி பேரை முதல்லே போடுங்கோ. கடல் எந்தப் பக்கம்னு தெரியாத ஒருத்தி இந்த நூற்றாண்டிலே, ஆகாசக்கப்பல் பறக்கற காலத்திலே, திருவனந்தபுரத்திலே இருக்கான்னு உலகத்துக்குத் தெரியட்டும்.

தங்கள் பத்திரிகை ஏழு சமுத்திரமும் தாண்டிப் பரவவும், தாங்கள் நூறு வயசு திடமாய் இருந்து எங்களுக்குத் திசை காட்டவும் வேண்டிக்கொண்டு, தங்கள் பாத தூளியான,

அ. விஜயம்

பி.கு.: மேலே எழுதினது ஒண்ணையும் அச்சுப் போடாதேங்கோ, ஸார். கிழிச்சே போட்டிருப்பேன். ஆனா உங்க ஊருக்குன்னு காசு கொடுத்து வாங்கின பிரிட்டிஷ் தபால்தலையை முன்னாடியே உறையிலே ஒட்டியாச்சு.

உங்களுக்குச் சாட்சி அனுப்பலாமேன்னு எண்ணெய்த்தாளை எடுத்து உங்க படத்துமேலே வெச்சுப் பார்த்தேன். பொருந்தலை. புரட்டி வெச்சேன். பொருந்திடுத்து. கொடியிலேருந்து எடுக்கறச்சே தாள் திரும்பிடுத்து போலிருக்கு, நான் பின்பக்கத்திலே பேரெழுதியிருக்கேன். தெருக்கோடிக்குப் போய் வடக்கே பார்த்து நின்னேன். வலது கைப்பக்கம் நாகலக்ஷ்மி மாமியாத்து வாசல்.

மாமி வாசல் கடல் இல்லை. வித்துராவுக்கு மேலே பொன்முடி மலையாக்கும். அந்தச் சாணி உருண்டையும் பரங்கிப்பூவும் சரியா மலை உச்சியிலே இருக்கு.

பஞ்சாபகேசன் ஸார்கிட்டே போய்ச் சொன்னேன். "இதுக்குத்தான் காத்துண்டிருந்தேன். நேத்திலேருந்து தெருவே கடல் எந்தப் பக்கம்னுதான் சண்டை போட்டுண்டிருக்கு. நாலு பேர் பொண்ணை வகுப்பிலே சேர்க்கணும்னு வந்து கேட்டாச்சு. பொங்கல் கழிஞ்சு ஆரம்பி. ஆனா திசைப் பாடத்துக்கு மட்டும் நாகலக்ஷ்மியைக் கூட்டிண்டு வா"ன்னார். மாமிகிட்டே போய் நமஸ்காரம் பண்ணினேன். "எழுந்திருடீ, பொன்முடியை நான் பார்த்துக்கறேன்"னுட்டா. நாளைக்குக் காலம்பற திருத்தி வரையறோம்.

ஒரே ஒரு சங்கடம். திருத்தினா எங்காத்து வாசல்தான் கடல். கோலம் போடாம சும்மா விடணும். அம்மாகிட்டே இன்னும் சொல்லலை.