மணலில் பிடிபட்ட மின்னசோட்டாக்காரன்

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய என் அக்கா ஒஃபேலியாவுக்கு, பாலோ பிளாங்கோ ஊரின் தன்னார்வத் தீயணைப்பு நிலையத் தலைவனும் என்றைக்கும் உன் தம்பியுமான லாலோ பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி நெல்டாவும் ஆடுகளும் சுகம். அங்கே உன் சர்க்கரையும் அத்தானின் முதுகும் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா என்று அறிய ஆவல்.

"தீயும் வேணாம் புகையும் வேணாம், மூட்டையைக் கட்டிக்கிட்டு சான் அன்டோனியோவுக்கு வந்து என் பின்னறையில கெட" என்று போன மாதம் நீ போனில் போட்ட சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது. அக்கா, அந்த அறையை நிம்மதியாக வாடகைக்கு விடு. எங்கள் தீயணைப்பு வண்டி பிழைத்துவிட்டது, நிலையமும் பிழைத்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன், அத்தானுக்கும் படித்துக் காட்டு.

எல்லாம் நுட்சன் என்ற ஒருத்தனால் வந்தது. மெக்சிகோ எல்லை தாண்டி வருகிறவர்களைப் பிடிக்கக் குடியேற்றத் துறைக்கு மத்திய அரசு புதிதாக அனுப்பிய அதிகாரி. வடக்கே மின்னசோட்டா மாநிலத்துக்காரன், பிறந்தது முதல் பனியில் உருண்டவன். அங்கே குளிர்காலத்தில் சக்கரம் வழுக்காமலிருக்க வண்டியின் பின்பக்கம் மணல் மூட்டை ஏற்றிக்கொள்வார்களாம். இந்த மகராசன் அந்த மூட்டைகளோடேயே டெக்சஸுக்கு வந்து, அவற்றோடேயே நம்ம ஓடை மணலில் இறங்கிவிட்டான். மணலில் புதைந்து கிடக்கிற வண்டிக்குள் மணல் மூட்டை! யாரோ எல்லை தாண்டி ஓடினார்கள், துரத்தினேன் என்றான். நான் தடத்தைப் பார்த்தேன். காட்டுப்பன்றி, குட்டிகளோடு.

"தம்பி, மணல்ல எறங்குறதுக்கு முன்னாடி டயர்ல பாதிக் காத்தைத் தொறந்து விடணும்" என்றேன்.

"சார், நான் பள்ளிக்கூடம் படிக்கிறப்பலேருந்து பனியில ஓட்டுறவன்."

"இது பனி இல்லப்பா. வெயில் வந்தா உருகாது."

கேட்டால்தானே! மறுவாரமும் இறங்கினான், அதற்கடுத்த வாரமும் இறங்கினான், ஒவ்வொரு தடவையும் எங்கள் தீயணைப்பு வண்டிதான் கயிறு கட்டி இழுத்தது, மூன்றாவது தடவை இழுக்கும்போது எஞ்சின் ஒரு முனகல் முனகியது, அப்புறம் புகை, அப்புறம் தீ. தீயணைப்பு வண்டியே பற்றி எரிகிறது, நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன், நுட்சன் தன் குடிதண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றி அணைக்கிறான். இந்த மானக்கேட்டை எங்கே போய்ச் சொல்ல!

ஆகஸ்ட் மாதம் அக்கா. புல்லெல்லாம் காய்ந்து, ஒரு பொறி போதும். மாத முடிவுக்குள் வண்டி ஓடவில்லையென்றால் நிலையத்தைப் பூட்டிவிட்டுப் பக்கத்து ஊர் நிலையத்தோடு சேர்த்துவிடுவோம் என்று மாவட்டத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். பக்கத்து ஊர் வண்டி வந்து சேர்வதற்குள் வீட்டில் ஆணிதான் மிஞ்சும். உன்னிடம் போனில் வீறாப்பாகப் பேசினேனே, நிஜத்தில் அன்று ராத்திரியே பெட்டியைத் தூசி தட்டி வைத்தேன்.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. குடியேற்றத் துறைக்கு உதவுகிற உள்ளூர்ப் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஆட்களுக்கு ஆன செலவை மத்திய அரசு திருப்பித் தருகிறதாம். நிலையத்தின் கணக்குவழக்கைப் பார்க்கிற நெல்டாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அன்று சனிக்கிழமை, நிலையத்துச் செலவுக்காக வழக்கம்போல வாசலில் சுட்ட மாட்டுக்கறிச் சாப்பாடு விற்றுக்கொண்டிருந்தோம். கறி நறுக்கிக்கொண்டிருந்த நம்ம தீயணைப்பு ஆள் சூயி கத்தியைப் பலகையில் ஓங்கிக் குத்தினான்.

"தலைவரே, அந்தக் காசைத் தொட்டா நாளைக்கு எவனாவது நம்மளக் கூப்பிடுவானா? வந்தா குடியுரிமைப் பேப்பர் கேப்பானுங்கன்னு பயந்து வீட்டை எரிய விட்டுருவான்."

"காசு இல்லேன்னா அவன் கூப்பிட்டாலும் நீ என்ன, கழுதை மேல ஏறிப் போவியா?" என்றாள் நெல்டா.

இரண்டு பேர் சொல்வதும் சரி, அதுதான் சங்கடம். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். நாம் யாரையும் பிடித்ததில்லை, பிடிக்கப்போவதுமில்லை. மணலிலிருந்து இழுத்ததற்கு மட்டும் கேட்போம். நிலைய வாசலில் பெரிய எழுத்தில் சூயியே எழுதி மாட்டினான்: 'எங்கே எரிகிறது என்று மட்டும்தான் கேட்போம்.'

அப்புறம் அந்தப் பணம் தருகிற மத்திய அரசு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். விட்கோம்ப் என்று ஒரு அம்மா எடுத்தார்.

"எத்தனை பேரைப் பிடிச்சுக் குடுத்தீங்க?"

"ஒருத்தனை. மூணு தடவை."

"திரும்பத் திரும்ப உள்ள வந்தானா?"

"ஆமாம்மா. தலையால அடிச்சுக்கிட்டேன், கேக்கல."

"எதிர்ப்புக் காட்டினானா?"

"மொத தடவை வண்டியை விட்டு எறங்க மாட்டேன்னான்."

"எந்த நாடு?"

"மின்னசோட்டா."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"யார்கிட்ட ஒப்படைச்சீங்க?"

"அவனோட மேலதிகாரிகிட்டதாம்மா. அவர் வாங்கிக்கவே யோசிச்சார்."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் எனக்குப் பயமே வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டு, "இன்னொரு தடவை மொதல்லேருந்து சொல்லுங்க" என்றார். சொன்னேன். அதிகாரியையும் அவர் வண்டியையும் மீட்பதும் உதவியில்தான் சேருமாம், மீட்கப்பட்டவர் கையெழுத்துப் போட்டால் போதுமாம். நுட்சன் காதுவரை சிவந்துபோய் வந்து போட்டான். பாவம், நாலு பொட்டலம் கறிச்சாப்பாடும் வாங்கிக்கொண்டு போனான்.

பணம் வந்தது, புது எஞ்சின் வந்தது, சூயி வண்டிக்கு முத்தமே கொடுத்துவிட்டான். ஆனால் நான் உனக்குச் சொல்ல வந்தது அதில்லை. போன செவ்வாய்க்கிழமை பண்ணைக் கூலியாட்கள் தங்கியிருக்கிற கொட்டகையில் அடுப்பங்கரை பற்றிக்கொண்டது. அங்கே ஒருத்தரிடமும் பேப்பர் கிடையாது, ஊருக்கே தெரியும். கூப்பிட்டார்கள் அக்கா! எங்களைத்தான் கூப்பிட்டார்கள். தீயை ஒரு சுவரோடு நிறுத்தி அணைத்துவிட்டு வந்தோம். மறுநாள் ஒரு அண்டா நிறையக் கறி வைத்து அவித்த மக்காச்சோளத் தமாலே அனுப்பியிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, புகை என்று நெல்டாவிடம் சொல்லிவிட்டேன்.

ஆகவே என்னைப் பற்றிக் கவலைப்படாதே. இந்த மண்ணில் எங்கே கால் வைக்க வேண்டும் என்று தெரிந்தவன் உன் தம்பி. உனக்கும் அத்தானுக்கும் குவாதலூப்பே மாதா என்றும் துணையிருக்கட்டும்.

உன் அன்புத் தம்பி,
லாலோ என்கிற எவுலாலியோ

பி.கு: இதைத் தபாலில் போட நேற்று புது எஞ்சின் வண்டியிலேயே கிளம்பினேன். நெல்டா பக்கத்தில் இருந்தாள், கொஞ்சம் வேகம் காட்டலாமே என்று ஓடைக் குறுக்குவழியில் இறக்கினேன். டயரில் காற்றை இறக்க மறந்துவிட்டேன். அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. நுட்சன்தான் வந்தான். மண்டி போட்டு எங்கள் டயர் நாலிலும் நிதானமாகக் காற்றைத் திறந்துவிட்டு, கயிறு கட்டி இழுத்து வெளியே போட்டான். அப்புறம் ரேடியோவை எடுத்து, "ஒருத்தரைப் பிடிச்சிருக்கேன். டெக்சஸ்காரர். வண்டியை விட்டு எறங்க மாட்டேங்கிறார்" என்றான். இன்று காலை விட்கோம்ப் அம்மா சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். மத்திய அரசுக்கு ஆன செலவை எங்கள் நிலையம் எப்போது திருப்பித் தரும் என்று கேட்கிறார். பின்னறையை அதற்குள் யாருக்கும் விட்டுவிடவில்லையே?