பாலிபேக்குக்குள் பேசிய வேப்பமரம்

பொத்தானை அழுத்தி ஒன்றும் நடக்கவில்லையென்றால், பொறுமையாகக் காத்திருப்பவர்கள் இந்த உலகத்தில் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அந்த வகையறா இல்லை. லிஃப்டோ, ஏடிஎம்மோ, வீட்டு மிக்ஸியோ, மறுபடி அழுத்துவேன். அப்புறம் இன்னும் கொஞ்சம் பலமாக அழுத்துவேன். இந்த ஒரு குணத்தால், பி.எட். படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஐரோப்பாவில் இருக்கும் பச்சைக் குழந்தைகளுக்கு வேப்பமரத்தைப் பற்றித் தமிழில் பாடம் நடத்தப் பார்த்தேன். கூடவே என் மாமாவின் பிழைப்பையும் கெடுக்கப் பார்த்தேன்.

அந்த வருடம் எங்கள் கல்லூரியில் எதற்கெடுத்தாலும் தொழில்நுட்பம், எதற்கெடுத்தாலும் செயல்திட்டம். பயிற்சிக்குப் போகும் பள்ளியில் இரண்டையும் சேர்த்து ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். கல்லூரியிலிருந்து மேடம் வந்து பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். (மேடம் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.) எனக்கும் தொழில்நுட்பத்துக்கும் அப்போதிருந்த உறவு, சொந்தக்காரர்களுக்குக் காலை வணக்கம் படம் அனுப்புவதோடு சரி.

ஆனாலும் ஒரு திட்டம் போட்டேன். பள்ளி வளாகத்தில் வரிசையாக வேப்பமரங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு க்யூஆர் கோடு ஸ்டிக்கர். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அதை ஸ்கேன் செய்தால் மரமே பேசுவதுபோல ஒரு வீடியோ ஓடும். அதன் பிறகு குழுவுக்கு ஒரு மரத்தை எடுத்துக்கொண்டு, நிழலை அளந்து, வரும் பறவைகளைக் கவனித்து, போனில் படம் பிடித்து வந்து சொல்ல வேண்டும். நல்ல திட்டம்தான், இப்போதும் சொல்வேன். வீடியோவில் மரமாக நானே நடித்தேன். பச்சைப் புடவை, தலை நிறைய வேப்பிலைக் கொத்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "வணக்கம் குழந்தைகளே! நான்தான் வேப்பமரம் பேசுகிறேன்!" படம் பிடித்த அம்மா பாதியில் நிறுத்திவிட்டு, "ஆத்தா வந்த மாதிரியே இருக்குது கண்ணு. துண்ணூறு எடுத்துட்டு வரட்டுமா?" என்றாள்.

ஸ்டிக்கருக்கு மாமாவைப் பிடித்தேன். மாமா அம்மாவின் தம்பி. பெருமாநல்லூரில் குழந்தைத் துணி தைத்து அனுப்பும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். பல வருடம் மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைக்கும் ஜாப் ஒர்க் செய்துகொடுத்தவருக்கு அப்போதுதான் முதல் முறையாக வெளிநாட்டிலிருந்து நேரடி ஆர்டர் கிடைத்திருந்தது. இது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் அடுத்ததும் வரும், சேராவிட்டால் மறுபடி ஜாப் ஒர்க்தான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு நெருக்கடியிலும், "பேக்கிங் செக்ஷன்ல மெஷின் இருக்குது, வந்து அடிச்சுக்க கண்ணு. இதுக்கெல்லாம் கேக்கோணுமா?" என்றார்.

பேக்கிங்கைப் பார்த்துக்கொள்ளும் சாந்தி அக்கா என் க்யூஆர் கோடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தார். "ஒருக்கா அழுத்துனாப் போதுங்க கண்ணு. கொஞ்சம் நின்னுதான் வரும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். நான் ஒருமுறை அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள். மெஷின் திடீரென்று விழித்துக்கொண்டு, நான் அழுத்திய ஒவ்வொரு அழுத்தலுக்கும் வட்டியோடு பதில் சொல்ல ஆரம்பித்தது. எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. முழு ரோலும் தீர்ந்த பிறகுதான் அடங்கியது.

யாரும் பார்ப்பதற்குள் அத்தனையையும் சுற்றி மேசையில் வைத்தேன். பக்கத்திலேயே அதே அகலத்தில் இன்னொரு ரோல் இருந்தது. மாமாவின் ஆர்டருக்காக வெளிநாட்டுக்காரர்களே அனுப்பியது. அதிலும் ஒரு கட்டம், கீழே ஒரு எண். என்னுடையதிலும் ஒரு கட்டம், ஒரு எண். (மரத்தின் பெயரை எழுதிவிட்டால் பிள்ளைகள் எதைக் கண்டுபிடிப்பார்கள் என்று நான்தான் மெனக்கெட்டு எடுத்திருந்தேன்.) சாந்தி அக்கா வரும் சத்தம் கேட்டது. கைக்குக் கிடைத்த ரோலைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலையில் ஸ்டிக்கர்களை அட்டையில் ஒட்டி மரங்களில் கட்டினேன். ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். மேடமும் பிறகு அதைத்தான் கேட்டார்.

வகுப்பு ஆரம்பமானது. மேடம் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கற்றல் என்பது தேடல் என்று நான் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த போன்களைக் குழுக்களிடம் கொடுத்தேன். மரம் பேசும் என்று காத்திருந்தேன். மரம் பேசவில்லை. பிள்ளைகள்தான் பேசினார்கள்.

"டீச்சர், இது மூணு மாசத்துலருந்து ஆறு மாசம் வரைக்கும்னு போட்டிருக்குதுங்க. இந்த மரம் அத்தனை சின்னதுங்களா?"

"டீச்சர், எங்க மரத்தைப் பச்சைத் தண்ணியிலதான் தொவைக்கோணுமாமுங்க!"

"எங்களுது வாத்துப் படம் போட்ட பாப்பா டிரெஸ்ஸுங்க டீச்சர்!"

போனை வாங்கிப் பார்த்தேன். வாத்துப் படம் போட்ட மஞ்சள் உடுப்பு ஒன்று என்னைப் பார்த்துச் சிரித்தது. பக்கத்தில் நின்ற ஒரு மாணவி, "டீச்சர், இது எங்கம்மா கம்பெனியில துணி போடற பாலிபேக்ல ஒட்டற ஸ்டிக்கராட்டவே இருக்குதுங்க" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமாவின் ஸ்டிக்கர் வேப்பமரத்தில் இருக்கிறது என்றால், வேப்பமரம் இப்போது எங்கே இருக்கிறது?

அன்று மத்தியானம்தான் சரக்கு லாரி ஏறுகிறது. மேடத்திடம் அனுமதிகூடக் கேட்காமல், அத்தனை பேர் நடுவிலேயே மாமாவுக்குப் போன் போட்டேன். நான் உளறியதைக் கேட்டுவிட்டு அவர், "இரு கண்ணு, ஒரு பாக்கெட்டை எடுத்துப் பாக்கறேன்" என்றார். அங்கே யாரோ இன்னொரு போனில் ஸ்கேன் செய்தார்கள். பிறகு போனுக்குள்ளிருந்து என் குரலே கணீரென்று எனக்குக் கேட்டது. "வணக்கம் குழந்தைகளே! நான்தான் வேப்பமரம் பேசுகிறேன்!" பின்னாலேயே பேக்கிங் செக்ஷன் பெண்களின் சிரிப்பு.

மாமா சிரிக்கவில்லை. "அந்த சைஸ் பூராவும் பெட்டி போட்டாச்சே சாமி" என்றார். "அவங்க ஸ்டிக்கர் ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர். இங்க அடிக்க முடியாது. நீ ஒண்ணுகூட விடாமக் கொண்டாந்துரு. லாரியை நான் நிறுத்தி வைக்கறேன்."

அழுகை வந்தது. பிள்ளைகள் முன்னால் அழுதேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்குள் அவர்கள் மரங்களிடம் ஓடி, அட்டையிலிருந்த ஸ்டிக்கர்களை நகத்தால் மெல்ல உரித்து ரோலின் பழைய தாளிலேயே ஒட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஒன்றுகூடக் கிழியவில்லை. மேடம் எழுந்து வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"ஸ்கேன் பண்ணிப் பாத்தியா?"

"இல்லீங்க மேடம்."

"சரி, என் ஸ்கூட்டர்ல ஏறு" என்றார்.

வகுப்பை வகுப்பாசிரியரிடம் ஒப்படைத்துவிட்டுப் பெருமாநல்லூர் ரோட்டில் பறந்தோம். மேடம் அவ்வளவு வேகமாக ஓட்டுவார் என்று கல்லூரியில் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். உள்ளே நுழைந்ததும் அவர் யாரையும் கேட்கவில்லை. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, பெட்டி பிரிக்க ஒரு குழு, என் ஸ்டிக்கரை உரிக்க ஒரு குழு, சரியானதை ஒட்ட ஒரு குழு, கடைசியில் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து பார்க்க ஒரு குழு என்று எல்லோரையும் பிரித்துவிட்டார். சாந்தி அக்கா என்னிடம், "யாருங்க கண்ணு இவங்க? பையரா?" என்று கேட்டார். பையர் என்றால் ஆர்டர் கொடுப்பவர். அந்த அளவுக்கு அதிகாரம்.

என்னைப் பொத்தான் எதுவும் இல்லாத உரிக்கும் குழுவில் போட்டார். மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தார். டீ வந்தது, போண்டா வந்தது. சோதிக்கும் மேசையில் உரிக்காமல் விட்டுப்போன பாக்கெட் ஏதாவது வந்தால், "வணக்கம் குழந்தைகளே!" என்று என் குரல் கேட்கும். உடனே அத்தனை பெண்களும் ஒரே குரலில், "வணக்கம் டீச்சர்!" என்பார்கள். மூன்றாவது தடவை மேடமும் சேர்ந்து சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பொழுது சாய்வதற்குள் லாரி கிளம்பியது.

நான் மாமாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன். அவர், "போண்டா தின்னியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி, ஒரு வார்த்தை திட்டியதில்லை. இத்தனை பெரிய மனசு எனக்கு இருந்திருக்குமா என்று இன்றும் யோசிக்கிறேன். அவருக்கு நான் சொல்ல வேண்டிய நன்றியை இதுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். மேடத்துக்கும், சாந்தி அக்காவுக்கும், நகம் நோக உரித்துக் கொடுத்த அந்த ஏழாம் வகுப்புக்கும் சேர்த்து.

மேடம் மதிப்பெண் போடவில்லை. "நாளைக்கு இதே கிளாஸை மறுபடி எடு" என்றார். எடுத்தேன். ஒவ்வொரு மரத்தையும் நானே முதலில் ஸ்கேன் செய்து பார்த்தேன். மரம் பேசியது, நிழல் அளக்கப்பட்டது, தேர்ச்சியும் பெற்றேன். ஆனால் பிள்ளைகளுக்கு முதல் நாள் வகுப்புதான் பிடித்திருந்ததாம். எங்கள் சொந்தத்தில் எனக்கு வேப்பமரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கல்யாண வீடுகளில் நான் நுழைந்ததும் யாராவது ஒருவர் இரண்டு கையையும் விரிப்பார்.

போன வருடம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாமா பார்க்க வந்தார். இப்போது அவருக்கு அதே வெளிநாட்டுக்காரர்கள் வருடம் தவறாமல் ஆர்டர் கொடுக்கிறார்கள். ஒரு பாலிபேக்கை நீட்டினார். உள்ளே வாத்துப் படம் போட்ட மஞ்சள் உடுப்பு. மேலே ஒரு ஸ்டிக்கர். ஸ்கேன் செய்தேன்.

தலை நிறைய வேப்பிலையோடு நான் வந்து நின்றேன். "வணக்கம் குழந்தைகளே!"

அன்று உரித்ததில் ஒன்றை இத்தனை வருடமாக எடுத்து வைத்திருந்திருக்கிறார். மடியில் கிடந்த என் மகள் அந்தக் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினாள்.

"ஸ்டிக்கர் மாறிப்போச்சுன்னு நெனைக்காத கண்ணு" என்றார் மாமா. "இந்தத் தடவை சரியான பாக்கெட்லதான் ஒட்டியிருக்குது."