மாமாவைத் திருத்தப் போன கதை

முந்தாநாள் கற்றுக்கொண்டவனிடம் மட்டும் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது. உத்தமபாளையத்தில் ஒரு காலத்தில் எங்கள் தெருவே என்னிடம் மாட்டிக்கொண்டு முழித்தது.

சவுதியில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு லீவில் வந்திருந்தேன். அங்கே ஒழுங்காகக் கற்றது ஏசி வேலை மட்டும்தான். மார்க்கம் படித்ததெல்லாம் ரூமில் படுத்துக்கொண்டு பார்த்த வீடியோக்களில். (பாதியிலேயே தூங்கிவிடுவேன், அது வேறு விஷயம்.) வந்த அன்றே வீட்டில் ஆரம்பித்தேன். பள்ளிவாசல் என்று சொல்லாதீர்கள், மஸ்ஜித். தொழுகை இல்லை, ஸலாத். நோன்பு இல்லை, ஸவ்ம்.

அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏலே, நோன்புக் கஞ்சிக்கு அரபியில என்னலே?" என்று கேட்டாள். அந்த வீடியோவை நான் பார்த்திருக்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் கம்பத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். ஜெஸிமாவின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பெண் கிடைக்காவிட்டால் ஒட்டகத்தோடுதான் காலத்தை ஓட்டவேண்டும் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அவர்கள் வீடு திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. அவளுடைய அத்தா, அதாவது பின்னாளில் என் மாமனாரான மாமா, ஒரு கொத்துப் பழத்தை என் கையில் வைத்து, "ஆண்டவன் புண்ணியத்துல இந்த வருசம் காய்ப்பு நல்லாருக்கு மாப்ளே. சாப்பிடுங்க" என்றார்.

தின்றுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

"மாமா, ஆண்டவன்னு சொல்லக் கூடாது. அல்லாஹ்ன்னு சொல்லணும். புண்ணியமும் நம்ம வார்த்தை இல்ல."

"எங்கத்தா அப்படித்தான் சொல்லுவாக. அதே வாயில வந்துருச்சு மாப்ளே."

"அவுகளுக்கும் யாரும் சொல்லிக்குடுத்திருக்க மாட்டாக" என்றேன். (அடப்பாவி!) என் அத்தா என் காலை மிதித்த மிதியில் உயிர் போய் வந்தது.

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "பிள்ளையக் கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு, வேறு இடம் பாருங்கள் என்று அர்த்தம்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கிளம்பினோம். திராட்சைப் பந்தலுக்கடியில் குனிந்து நடக்கும்போது பின்னங்கழுத்தில் ஜில்லென்று ஏதோ விழுந்து, ஜிப்பாவுக்குள் நெளிந்து இறங்கியது.

"யப்பா சாமி! பாம்பு! யப்பா சாமி!"

சுருளி மலைக்கே கேட்டிருக்கும். கத்தின வேகத்தில் வாய்க்காலில் குதித்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பாண்டி அண்ணன் கம்போடு ஓடிவந்தார். மாமா என்னைத் தூக்கி நிறுத்தி, ஜிப்பாவுக்குள் கையை விட்டு உருவினார். பாம்பு இல்லை. அன்று காலையில் வெட்டிவிட்ட திராட்சைக் கொடி.

மாமா கொடியைப் பார்த்தார், சேறு சொட்ட நின்ற என்னைப் பார்த்தார். கேலியே இல்லாத குரலில் கேட்டார்:

"மாப்ளே, இந்த மாதிரி நேரத்துல நாம என்ன சொல்லணும்?"

வாசலில் ஜெஸிமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். போச்சுடா, எல்லாம் போச்சு என்று வீடு வந்து சேர்ந்தேன். சாயங்காலம் போன் வந்தது. சம்மதமாம்.

கல்யாணத்துக்குப் பிறகு காரணம் கேட்டேன். "வீட்டுக்குள்ள பாடம் நடத்துற ஆளு வேணாம்னுதான் நெனச்சிருந்தேன். நீங்க யப்பா சாமின்னு கத்தவும், அட, இது நம்ம ஊரு ஆளுதான்னு நிம்மதியாயிருச்சு" என்றாள். அதிலிருந்து அந்த வீட்டில் என் பெயரே யப்பா சாமி மாப்பிள்ளைதான். இப்போது கரப்பான் பூச்சியைக் கண்டால்கூட என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டேதான் கத்துகிறாள்.

போன வருசம் மாமா மௌத்தாகிவிட்டார். பாண்டி அண்ணன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, உங்க மாமா சாமிகிட்டப் போயிட்டாகளே" என்று தேம்பினார். அந்தத் துக்கத்திலும் வீடு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது, இவன் இப்போது என்ன சொல்லித் தொலைப்பானோ என்று.

"ஆமாண்ணே. சாமிகிட்டத்தான் போயிருக்காக" என்றேன்.

அழுதுகொண்டிருந்த ஜெஸிமா அழுகையோடேயே சிரித்துவிட்டாள்.