விழா முடியும்வரை வளரக் கூடாது

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான். அதன் பிறகு நெடுங்காலம் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் குறையை என் அக்கா மகன் படிக்கும் ஆண்கள் நடுநிலைப் பள்ளி தீர்த்து வைத்தது. எட்டாம் வகுப்பு முடிக்கும் பையன்களுக்குக் கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் அணிவித்துப் பட்டமளிப்பு விழா நடத்துவது என்று அது முடிவு செய்தது.

இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய ஒரே காரியம் ஒன்பதாம் வகுப்பில் சேருவது. பட்டம் இல்லாமலும் சேரலாமே என்று சிலர் கேட்கக்கூடும். முன்னேற்றத்தை ரசிக்கத் தெரியாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

பள்ளியின் இன்னொரு பெருமை 'முன்திட்டமிடல்'. தலைமையாசிரியர் ஏதோ ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து அங்கே எதுவும் கடைசி நேரத்தில் நடப்பதில்லை. கல்வியாண்டின் முதல் மாதமே விழா அங்கிக்கு அளவெடுத்தாயிற்று. மாணவர் சார்பில் நன்றியுரை சொல்ல என் மருமகனைத் தேர்ந்தெடுத்து, பேச வைத்து, ஒலிப்பதிவும் செய்தாயிற்று. பாடம் நடத்துவதற்கு முன்பே அதற்கான நன்றியை வாங்கி வைத்துக்கொண்ட பள்ளி வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

திட்டத்தில் ஒரே ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. பையன்களுக்குப் பதின்மூன்று வயது.

விழா நெருங்கியபோது பெற்றோர் கூட்டத்துக்கு அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் ஒரு வாரப் பத்திரிகையில் நிருபர்.

"நீ ஒண்ணும் பேச வேணாம். சட்டைப் பையில பேனா தெரியற மாதிரி உட்காரு, போதும்" என்றாள்.

ஆசிரியர் அறையில் வரைபடச் சுருள்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மேசைமேல் ஓர் அங்கியைக் கிடத்தியிருந்தார்கள். அதன் தலைமாட்டில் தையல்காரர் துக்கம் விசாரிக்க வந்தவர்போல நின்றார்.

"சார், அளவெடுத்தப்ப கணுக்கால் வரைக்கும் இருந்தது. நேத்து போட்டுப் பாத்தா பாதிக் கெண்டைக்கால்ல நிக்குது. இறக்கித் தைக்க மடிப்புல துணி இல்ல."

"ஏன் இல்ல?"

"நீங்கதான் சார் மடிப்பு வெச்சா அசிங்கமா இருக்கும்னீங்க."

"எத்தனை பசங்களுக்கு இப்படி?"

"எத்தனை பேருக்கு இப்படி இல்லன்னு கேளுங்க சார். ரெண்டே பேர்."

"அந்த ரெண்டு பேரையும் மேடையில பாராட்டணும்" என்றார் தலைமையாசிரியர்.

ஒரு தகப்பனார் தயங்கித் தயங்கி எழுந்தார். "வளர்ற புள்ளைங்க சார்..."

"வளர வேணாம்னு யார் சொன்னா? தாராளமா வளரட்டும். விழா முடிஞ்சதும் வளரட்டும்."

இந்த நியாயமான பதிலுக்குப் பிறகு அவர் உட்கார்ந்துவிட்டார். உடற்பயிற்சி ஆசிரியர் ஒரு வழி சொன்னார். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நடந்தால் அங்கி கணுக்காலைத் தொட்டுவிடும், தினமும் மைதானத்தில் பழக்கிவிடலாம் என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சில மாணவர்களின் 'மேலுதட்டில் தென்படும் நிழலை' அப்புறப்படுத்தும் பொறுப்பு பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டது.

கடைசியாக என் மருமகனின் குரல் விவாதத்துக்கு வந்தது.

வருட ஆரம்பத்தில் பள்ளியே அவனைக் 'குயில்' என்றுதான் கூப்பிட்டது. பிறகு ஒருநாள் காலையில் குயில் பறந்துவிட்டது. இப்போது அவன் பேச ஆரம்பித்தால் லாரி மேடு ஏறுவதுபோல் தொடங்கி, எண்ணெய் காணாத கதவுபோல் முடிகிறது. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. புதுப்பெயர் 'தவளை'. அன்றிலிருந்து பையன் பேச்சையே நிறுத்திவிட்டான். ஆமாம் என்றால் மேலும் கீழும், இல்லை என்றால் பக்கவாட்டில் தலையாட்டல். பையன் ரொம்ப அடக்கமாகிவிட்டான் என்று அக்கா பக்கத்து வீடுகளில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தேன் கொடுத்துப் பாத்தீங்களா?" என்று கேட்டார் பாட்டு ஆசிரியர்.

"தேன், மிளகு, சுடுதண்ணி எல்லாம் ஆச்சு சார். தொண்டை நல்லாத்தான் இருக்கு. குரல்தான் எங்கேயோ போயிடுச்சு."

"கவலைப்படாதீங்கம்மா" என்று கனிவோடு குறுக்கிட்டார் தலைமையாசிரியர். "பழைய பதிவு இருக்கு. அன்னிக்கு அதைப் போட்டுடுவோம். பையன் வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள்.

வெளியே மருமகன் காத்திருந்தான். வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா காய்கறிக் கடைக்குள் நுழைந்ததும், தெருவில் தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வாயைத் திறந்தான்.

"அந்தப் பதிவுல இருக்கறது நான் இல்ல மாமா." கடைசிச் சொல் இரண்டாக உடைந்தது. "நானே பேசறேன். சிரிப்பாங்க. சிரிக்கட்டும். ஒரு தடவை எல்லார் முன்னாடியும் பேசிட்டா அப்புறம் சிரிக்க ஒண்ணும் இருக்காது. இல்லன்னா ஒன்பதாவதுலயும் தலையைத்தான் ஆட்டணும்."

பொறுப்புள்ள பெரியவர்கள் இப்படிப்பட்ட நேரத்தில் என்ன சொல்வார்களோ அதையே நானும் சொன்னேன்: "பாத்துக்கலாம்டா மாப்ளே."

விழா நாளில் அரங்கம் நிரம்பி வழிந்தது. பட்டதாரிகள் முழங்காலை மடக்கி வரிசையாக நடந்து வந்தார்கள். முன்வரிசையில் இருந்த சிறப்பு விருந்தினர், "எவ்வளவு பணிவான பசங்க!" என்று உருகினார். பிறகு 'நாளைய தலைவர்களே' என்று ஆரம்பித்து, தலைவர்களில் பாதிப் பேர் தூங்கும்வரை பேசினார்.

நன்றியுரைக்கு மருமகன் ஒலிவாங்கி முன் வந்து நின்றான். எங்கிருந்தோ ஒரு வெள்ளிக் குரல் எழுந்தது.

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே!"

அவன் வாய் மூடியே இருந்தது. உதடு ஒரு நூல்கூட அசையவில்லை. நான் பதறிப்போய்ச் சுற்றிலும் பார்த்தேன். கவலைப்பட்டிருக்கத் தேவையில்லை, ஒருவரும் கவனிக்கவில்லை. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவ்வாண்டு எங்கள் புதிய அறிவியல் கூடத்தில் செய்த சோதனைகளை எங்களால் மறக்க முடியுமா? பள்ளியே, உன்னால் நாங்கள் வளர்ந்துவிட்டோம்!" என்று முடித்தது பிள்ளைக் குரல். கைதட்டல் கூரையைத் தொட்டது.

அது அடங்கியதும் மருமகன் ஒலிவாங்கியைப் பிடித்துத் தன் வாய் உயரத்துக்கு ஏற்றினான்.

"இது வருஷ ஆரம்பத்துல பேசினது." கட்டைக் குரல். அரங்கம் திடுக்கிட்டது. "அறிவியல் கூடத்தை" என்ற இடத்தில் குரல் விருட்டென்று மேலே ஏறிக் கீச்சிட்டது. "இன்னும் திறக்கல. அதனால அந்த ஒரு நன்றியை மட்டும் திரும்ப எடுத்துக்கறேன். மத்த எல்லாத்துக்கும் நன்றி. இப்ப என் குரல் இதுதான். சிரிக்கறவங்க இப்பவே சிரிச்சுடுங்க."

சிரித்தார்கள். அப்படி ஒரு சிரிப்பு. அவனும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பும் நடுவில் உடைந்தது. "சூப்பர்டா தவளை!" என்று அங்கி வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். அவன் குரலும் ஒன்றும் ஒழுங்காக இல்லை.

தலைமையாசிரியர் ஒலிபெருக்கிக்காரரிடம் பாய்ந்தார். "யாருய்யா வெளி ஆளை மைக் பக்கம் விட்டது? பழசையே மறுபடி போடு!"

மறுபடி முழுவதும் போட்டார்கள். சிறப்பு விருந்தினர் மறுபடியும் உருகினார்.

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "யாருடா அது நடுவுல பேசினது? பெரிய மனுஷன் குரலா இருக்கு."

"உன் பையன்தான்."

எழுந்து நின்று மேடையைப் பார்த்தாள். "இத்தனை நாளா என்கிட்டகூடப் பேசலையேடா."

"வாய் நிறையத் தேனை ஊத்திக்கிட்டே இருந்தா எப்படிக்கா பேசுவான்?"

வாசலில் மருமகனைப் பார்த்ததும் அவள் முதலில் அவன் தொப்பியைக் கழற்றினாள். பிறகு, "ஏதாவது பேசுடா" என்றாள். அவன் பேசினான். வீடு போய்ச் சேரும்வரை நிறுத்தவே இல்லை.

முன்னதாக, பள்ளி வாசலில் விடைபெறும்போது தலைமையாசிரியர் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். "பத்திரிகையில நல்லா எழுதுங்க சார். பசங்களை எங்ககிட்ட எப்படிக் கொடுத்தீங்களோ, அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கோம்."

ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே எழுதிவிட்டேன். அவதூறு வழக்குப் போட வேண்டுமென்றால் பள்ளி அவர்மீதுதான் போட வேண்டும்.