நாலு வாக்கியம்

முப்பத்திரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்த ஒன்றாம் வகுப்பில் ஈ பறக்கிற சத்தம் கேட்டது. வேறொரு நாளாக இருந்திருந்தால் இந்த அமைதிக்காகக் கிருஷ்ணவேணி டீச்சர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பாள். இன்றைக்கு அதே அமைதி அவளுக்கு வினையாக வந்து நின்றது.

எதிரே நாற்காலியில் பள்ளி ஆய்வு அதிகாரி வேணுகோபால். ஜீப்பிலிருந்து இறங்கிப் பத்து நிமிஷம் ஆகிறது. பேண்ட், முழுக்கைச் சட்டை, மடியில் தோல்பை, கையில் மூடி கழற்றின பேனா. டீச்சர் அந்தப் பேனாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன ஜூனில் வந்தபோதும் இதே கூத்துதான். ஒரு பிள்ளைகூட வாயைத் திறக்கவில்லை. "அடுத்த தடவை வரும்போது ஏதாவது ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை, நாலு வாக்கியம் தடங்கலில்லாமப் பேசணும். இல்லைன்னா உங்களை விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் மாத்திருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். டீச்சருக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. அடுத்த தெருவில் மாமியாரிடம் விட்டிருக்கிறாள். மணி அடித்ததும் ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவாள். மாற்றல் வந்தால் இரண்டு பஸ் மாற வேண்டும், பிள்ளைக்குப் புட்டிப்பால்தான்.

அதனால் மூன்று மாதமாக அவள் சும்மா இருக்கவில்லை. ஊரே தீப்பெட்டி வேலை. வீட்டில் வைத்துப் பெட்டி ஒட்டுகிறோம் என்று தாய்மார்கள் சொன்னார்கள். பிள்ளைகளிடம் தீப்பெட்டிப் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. மான், கப்பல், கிளி, கடிகாரம் என்று கொண்டுவந்து குவித்தார்கள். டீச்சர் அவற்றை அட்டையில் ஒட்டி விளையாட்டாக்கினாள். ஒரு அட்டையை எடுக்க வேண்டும், அதைப் பற்றிப் பேச வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைகள் பேசினார்கள் பாருங்கள், அடைமழைதான். அதிலும் சொர்ணத்தாய் என்று ஒருத்தி, ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்தவள். நேற்றுக்கூடக் கப்பல் படத்தை எடுத்துக்கொண்டு, "டீச்சர், இதுல எங்க ஆட்டை ஏத்தினா அதுக்கு வாந்தி வருமா?" என்று உயிரை வாங்கினாள்.

அந்தச் சொர்ணத்தாய் இப்போது வாயைத் தைத்தது மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் மான் படத்தைத் தூக்கிக் காட்டினாள். "சீனி, இது என்னது? சார்கிட்ட சொல்லு பாப்போம்."

சீனி படத்தைப் பார்த்தான். அதிகாரியின் பையைப் பார்த்தான். தன் சட்டைப் பையிலிருந்த இரண்டு தீப்பெட்டிப் படங்களை மெதுவாக எடுத்துப் பிட்டத்துக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

"மான் கூடத் தெரியாதா?" என்றார் அதிகாரி.

"தெரியும் சார். நேத்து மானுக்கு ஒரு கல்யாணமே பண்ணி வச்சான்."

"நேத்து நான் இங்க இல்லையே."

தலைமையாசிரியர் கருத்தையா வாசல்படியிலிருந்து டீச்சரைக் கண்ணால் கூப்பிட்டார். அவள் போனாள்.

"ஜீப்பு தார் ரோட்டுல இருந்து திரும்பும்போதே பிள்ளைக மூஞ்சியெல்லாம் செத்துப்போச்சும்மா" என்றார் காதோடு காதாக. "எனக்கே பகீர்னு ஆயிட்டு. போன மாசம் தீப்பெட்டி ஆபீஸுக்கு வந்துச்சே, அதுவும் இதே பச்சை ஜீப்புதான். பதினாலு வயசுக்குக் கொறஞ்சவுக யாரும் வேலை பாக்காவளான்னு விசாரிக்க வந்தாவ. ஆபீஸ் கணக்கப்பிள்ளை கூட நின்னு காட்டினாரு, சல்லடை போட்டுப் பாத்துட்டு, ஒருத்தருமில்லைன்னு எழுதிட்டுப் போனாவ."

"சார், எனக்கு உசுரு போகுது. நீங்க ஆபீஸ் கதை சொல்லுதீங்க" என்றாள் டீச்சர்.

அவள் ஸ்ரீவைகுண்டத்துக்காரி. நெல் தெரியும், வாழை தெரியும். இந்தக் கரிசல்காட்டுக்கு வந்து ஒன்றரை வருஷந்தான் ஆகிறது. தீப்பெட்டித் தொழிற்சாலையை இங்கே ஆபீஸ் என்கிறார்கள்; அந்தக் கதைக்கெல்லாம் அவளுக்கு நேரமில்லை.

திரும்பி வந்து அடுத்த விளையாட்டை எடுத்தாள். கையில் ஒரு பொருளை வைப்பாள். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்து, வழவழப்பா, சொரசொரப்பா, கனமா என்று பிள்ளை சொல்ல வேண்டும்.

"எல்லாரும் கையை நீட்டுங்க."

முப்பத்திரண்டு ஜோடிக் கைகளும் முதுகுக்குப் பின்னால் போயின. பசை காய்ந்த விரல் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க பிள்ளைகளை அடிப்பீங்களா?"

"ஐயோ சார், ஒரு நாளும் இல்லை."

"பின்னே கையை நீட்டச் சொன்னா ஏன் இப்படி நடுங்குதுங்க?"

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாய் பேசாத பிள்ளைகள் என்ற புகார் போதாதென்று, இப்போது பிரம்படிக்காரி என்ற பேரும் சேர்ந்துகொண்டது. அதிகாரி நல்ல மனுஷர்தான், ஒன்றும் சொல்வதற்கில்லை. தானே எழுந்து வந்து முதல் வரிசையில் இருந்த கடற்கரை என்ற பையனின் முன்னால் குனிந்தார். குரலைத் தேனாக்கிக்கொண்டு, இருக்கிறதிலேயே சுலபமான கேள்வியைக் கேட்டார்.

"பயப்படாதே தம்பி. உனக்கு என்ன வயசு?"

கடற்கரை ஓவென்று அழுதான். அவனைப் பார்த்துப் பக்கத்திலிருந்த இரண்டு பிள்ளைகளும் அழுதன. சத்தமாகத்தான் அழுதன, ஆனால் ஒரு வார்த்தை வரவில்லை.

அதிகாரி நாற்காலிக்குத் திரும்பிப் பேனாவை எடுத்தார். டீச்சரிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு விளையாட்டு. மேலே, கீழே, உள்ளே, பின்னாலே என்ற சொற்களுக்காக அவள் யோசித்து வைத்திருந்தது. இன்னும் ஒரு தடவைகூட நடத்திப் பார்க்கவில்லை. பிள்ளைகள் ஒளிய வேண்டும். கண்டுபிடித்ததும், நான் பலகைக்குப் பின்னாலே இருந்தேன், நான் மேசைக்குக் கீழே இருந்தேன் என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

"கடைசியா ஒண்ணு மட்டும் பாருங்க சார்" என்று கெஞ்சினாள். பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "நான் பத்து எண்ணுதேன். எல்லாரும் ஒளிஞ்சுக்கோங்க."

கண்ணை மூடி எண்ணினாள்; அதிகாரி தோல்பைக்குள் தாளைத் தேடிக்கொண்டிருந்தார். மூன்றாவது எண்ணிலேயே அவளுக்கு ஏதோ மாதிரி இருந்தது. சிரிப்பில்லை, தள்ளுமுள்ளு இல்லை, தரையில் கால் தேய்கிற சத்தம்கூட இல்லை. கண்ணைத் திறந்தாள். வகுப்பு காலியாக இருந்தது. சிலேட்டு ஒன்றுகூட இல்லை. படம் ஒட்டின அட்டைகளைக்கூடப் பொறுக்கிக்கொண்டு போயிருந்தார்கள். பின்வாசல் கதவை, கடைசியாகப் போன பிள்ளை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போயிருந்தது.

ஜன்னல் வழியே பார்த்தார்கள். பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே பருத்திக்காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் செடி அசைவதும் நின்றுவிட்டது.

"பேசத்தான் தெரியலை. ஓட நல்லாப் பழக்கியிருக்கீங்க" என்றார் அதிகாரி.

"சத்தியமா நான் பழக்கலை சார்."

"பின்னே யார் பழக்கினது?"

டீச்சர் கருத்தையாவைத் திரும்பிப் பார்த்தாள். கருத்தையா வாசலிலிருந்து கூரையைப் பார்த்தார். ஓட்டில் என்ன எழுதியிருந்ததோ.

அதிகாரி தாளை எடுத்து மேசையில் வைத்தார். மாறுதலுக்குப் பரிந்துரை என்று எழுதினார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரம் வேறு, மார்பு கனத்தது. மூன்று மாதம் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்ததெல்லாம் இதற்குத்தானா என்று இருந்தது.

அப்போது மூலையில் கழுவி வைத்திருந்த சத்துணவு அண்டாவுக்குள்ளிருந்து ஒரு தும்மல் வந்தது.

மூன்று பேரும் திரும்பினார்கள். அதிகாரி பேனாவும் கையுமாக எழுந்துபோய், அண்டாவை மூடியிருந்த தாம்பாளத்தைத் தூக்கினார். உள்ளே முழங்காலைக் கட்டிக்கொண்டு சொர்ணத்தாய் உட்கார்ந்திருந்தாள். கப்பல் படம் அவள் மடியில் இருந்தது. அதைச் சட்டென்று பாவாடைக்குள் செருகினாள்.

"ஏட்டி சொர்ணம், ஏதாச்சும் பேசுட்டி" என்றாள் டீச்சர். "உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு."

சொர்ணத்தாய் அதிகாரியின் பேண்ட்டைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே நின்ற பச்சை ஜீப்பைப் பார்த்தாள். இனித் தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள். பல் விழுந்த வாயால் திக்காமல் திணறாமல், டீச்சர் விரல்விட்டு எண்ணும்படியாகப் பேசினாள்.

"சார், எனக்குப் பதினாலு வயசு முடிஞ்சுட்டு. நான் ஆபீஸுல வேலை பாக்கலை. எங்க அக்காவுக்குத் தூக்குச்சட்டியில சோறு கொண்டாந்தேன். கணக்கப்பிள்ளை மாமா எங்களுக்கு ஒண்ணும் சொல்லித்தரலை."