மூன்றாவது ஓஸ்

"சார், இந்தப் படகுல மொத்தம் எத்தனை ஓஸுங்க?"

படகின் பின்பக்க ஓட்டைக்குள் இடுப்புவரை நுழைந்து படுத்திருந்த சவரியின் குரல், அண்டாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது.

"ரெண்டு," என்றார் சந்திரமோகன். "இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஏன்?"

சவரி இருட்டில் கையால் தடவி இன்னொரு தரம் எண்ணினான். இடது பக்கம் ஒன்று. வலது பக்கம் ஒன்று. நடுவில் ஒன்று. நடுவில் இருந்தது சில்லென்று இருந்தது.

"மூணு இருக்குதுங்க."

சவரி ஏரியூரில் போர் மோட்டார் மெக்கானிக். எத்தனை ஆழக் கிணறானாலும் இறங்கிவிடுவான். கரண்டுக்குப் பயப்பட மாட்டான், கடன்காரனுக்கும் பயப்பட மாட்டான். பயமெல்லாம் பாம்பு ஒன்றுக்குத்தான். வீட்டில் இருந்த மாதா சுரூபத்தின் காலடியில் மிதிபட்டுக் கிடக்கிற பாம்பைக்கூட அவன் பார்க்க மாட்டான். அதை மறைப்பதற்கென்றே அவன் மனைவி ஜோஸ்பின் அங்கே ஒரு பிளாஸ்டிக் ரோஜாவை வைத்திருந்தாள்.

சந்திரமோகன் பெங்களூர் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று, மேட்டூர் அணைத் தண்ணீர் வந்து தேங்குகிற காவிரிக் கரையில் தோட்டம் வாங்கியவர். தூண்டில் போட ஒரு ஃபைபர் படகும் வாங்கினார். படகின் தளத்தில் சேரும் தண்ணீரைப் பின்பக்கமாக வெளியேற்ற இரண்டு ரப்பர் ஓஸ்கள் உண்டு. இரண்டும் வெடித்துப்போய், தண்ணீர் எல்லாம் படகின் வயிற்றுக்குள் இறங்கியது. போன வாரம் நடு ஆற்றில் படகு பின்பக்கமாக உட்கார ஆரம்பிக்கவே, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார். அன்று முதல் படகு புதர் ஓரமாக வண்டியின் மேல் நின்றது. ஓஸை மாற்ற ஒன்றரை அடி ஓட்டை ஒன்றுதான் வழி. தர்மபுரியிலிருந்து வந்த இரண்டு மெக்கானிக்குகள் அதைப் பார்த்தார்கள், தங்கள் தொப்பையைப் பார்த்தார்கள், திரும்பிப் போய்விட்டார்கள். சவரி ஒல்லி.

உள்ளே இறங்குகிற ஆள் இடுப்பில் கயிறு கட்டாமல் இறங்கக் கூடாது என்பது கிணற்று வேலையில் அவன் கற்ற சட்டம். கரையில் நிற்கிற படகுக்கு எதற்கு என்று சந்திரமோகன் சிரித்தார். சவரி கேட்கவில்லை. தோட்டத்து ஆள் குப்புராஜ், எருமையின் நைலான் கயிற்றை மனைவி ராமக்காளிடம் சொல்லாமலே அவிழ்த்து வந்து அவன் இடுப்பில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளிருந்து கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் தளர்த்த வேண்டும். இரண்டு வெட்டு என்றால் ஆளை இழுக்க வேண்டும். இது ஏற்பாடு.

இப்போது சவரியின் உடம்பு நடுங்கியது. அந்த நடுக்கத்தில் கயிறு எத்தனை வெட்டு வெட்டியது என்று குப்புராஜால் எண்ண முடியவில்லை. ஆகவே இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார்.

சவரியின் கைக்குள் இருந்தது நகர்ந்தது.

"சார், இது அசையுதுங்க."

பயத்தில் விட்டுவிடலாம் என்று நினைத்தான். விட்டால் கடிக்கும் என்றும் நினைத்தான். இன்னும் இறுக்கிப் பிடித்தான். அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றுவதாக வேண்டினான். கொஞ்சம் யோசித்து அதைப் பன்னிரண்டாக உயர்த்தினான்.

வெளிச்சம் இருந்தால் சரியாகிவிடும் என்று சந்திரமோகன் தன் செல்போனில் விளக்கைப் போட்டு, அவன் தோளுக்கு மேலாக உள்ளே நீட்டினார். சவரி இன்னொரு கையால் வாங்குவதற்குள் அது நழுவி அடியில் விழுந்து குப்புறப் படுத்துக்கொண்டது. எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்க, குப்புராஜின் போனிலிருந்து அதைக் கூப்பிட்டார். அது சத்தம் இல்லாமல் அதிரும்படி வைக்கப்பட்டிருந்தது. சவரியின் வயிற்றுக்குக் கீழே எதுவோ உர்ரென்று சீறியது.

"ரெண்டு இருக்குதுங்க சார். சோடியா இருக்குதுங்க."

வெந்நீர் ஊற்றினால் எதுவாக இருந்தாலும் ஓடிவிடும் என்று சந்திரமோகனுக்குத் தோன்றியது. ஓஸைத் தளர்த்துவதற்காகக் கொதிக்க வைத்திருந்த கெட்டில் பக்கத்திலேயே இருந்தது. தளத்துத் துவாரத்தில் ஊற்றினார். இடது பக்கத்து ஓஸைச் சவரி முன்பே அறுத்துவிட்டான் என்பது அவருக்குத் தெரியாது. வெந்நீர் நேராக அவன் பிடரியில் இறங்கியது. விஷத்தைப் பீச்சிவிட்டது என்று அவன் முடிவு கட்டினான். வாழ்க்கை அவ்வளவுதான் என்று தெரிந்ததும், "ஜோஸ்பின்கிட்ட சொல்லிடுங்க" என்று ஆரம்பித்தான். என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்கே தெரியவில்லை.

குப்புராஜ் கயிற்றைப் போட்டுவிட்டு வந்து, இரண்டு கால்களையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். சட்டைப் பொத்தான்களை ஓட்டையின் விளிம்பு வாங்கிக்கொண்டது. சவரி வெளியே வந்து மண்ணில் உட்கார்ந்தான்.

சந்திரமோகன் அவனைப் பார்த்தார். இடுப்பில் முடிச்சு இருந்தது. முடிச்சிலிருந்து கிளம்பிய கயிறு ஓட்டைக்குள் போய், உள்ளே எங்கோ சுற்றி, திரும்பி வெளியே வந்து தரையில் கிடந்தது.

"குப்புராஜ் இழுக்கும்போதெல்லாம்தானே அது நகர்ந்தது?"

"ஆமாங்க."

"அது இந்தக் கயிறுய்யா."

"சில்லுனு இருந்துச்சுங்களே."

"தொட்டித் தண்ணில ஊறிட்டு இருந்த கயிறு தம்பி," என்றார் குப்புராஜ்.

சந்திரமோகன் விழுந்து விழுந்து சிரித்தார். சவரிக்கு முகம் கறுத்துவிட்டது. ஏரியூர் முழுக்க இந்தக் கதை இன்றே போய்ச் சேர்ந்துவிடும் என்ற கவலை பாம்பைவிடப் பெரிதாக இருந்தது. முடிச்சை அவிழ்த்து, கயிற்றைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கூப்பிட்ட மரியாதைக்கு மற்றவர்களோடு டீ குடிக்கப் போனான்.

திரும்பி வந்ததும், கயிறு கட்டட்டுமா என்று குப்புராஜ் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சவரி உள்ளே நுழைந்தான். மூன்றாவது ஓஸ் இன்னும் அங்கேயே கிடந்தது. இப்போது அவனுக்குக் கோபம் மட்டுந்தான்.

"உன்னாலதான்டா என் மானமே போச்சு" என்று அதைத் திட்டி, ஓரமாகத் தள்ளினான். வேலை மளமளவென்று நடந்தது. பழைய ஓஸின் நுனியில் புது ஓஸைக் கட்டி இழுத்தான், கிளாம்பை முறுக்கினான். வலது பக்கம் வேலை செய்யும்போது கழுத்து வலிக்கவே, கிடந்ததை நன்றாகச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு சுகமாக இருந்தது. முக்கால் மணி நேரத்தில், சந்திரமோகனின் போனையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

சந்திரமோகன் தளத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். அத்தனையும் பின்பக்கமாகக் கொடகொடவென்று வெளியேறியது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. அவர் சவரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இனிமேல் யார் கேட்டாலும் பயத்தையே காலில் போட்டு மிதித்துவிட்டேன் என்று சொல்லலாம் என்று சவரிக்குத் தோன்றியது. மாதா காலடியில் இருக்கிற பிளாஸ்டிக் ரோஜாவையும் இன்றைக்கே எடுத்துவிடலாம்.

"அண்ணா, அந்தக் கயித்த எடுத்துடுங்க," என்றான் சிரித்துக்கொண்டே. "உள்ளாற சுருட்டித் தலைக்கு வச்சிருந்தேன்."

குப்புராஜ் குனிந்து, ஓட்டைக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவினார்.

மாட்டுத் தொட்டிப் பக்கமிருந்து காலி வாளியோடு ராமக்காள் வந்தாள்.

"எருமைக் கயித்தையா தேடறீங்க? நீங்கெல்லாம் டீ குடிக்கப் போனப்பவே நான் அதை உருவிட்டுப் போயி எருமையக் கட்டிட்டனே."