குழாயடியில் முடிந்த சம்பந்தம்

தேதிகளைத் துல்லியமாக நினைவு வைத்திருப்பவனை யாருக்கும் பிடிப்பதில்லை. எனக்கு மட்டும் அந்த வியாதியால்தான் கல்யாணமே நடந்தது.

தை பிறந்து முதல் ஞாயிறு. ஊட்டியிலிருந்து லவ்டேலுக்குப் பெண் பார்க்கப் போனோம். வழியெல்லாம் மாமா ஓதினார்.

"பொண்ணோட அப்பாவுக்கு நாய்னா உசுருடா. நீயும் அப்படித்தான்னு காட்டிக்க. இதுவும் தட்டிப்போச்சுன்னா இனி என்னால ஆகாது."

(அதற்கு முன் தட்டிப்போன இடங்களின் தேதிகளும் நினைவிருக்கின்றன. கேட்காதீர்கள்.)

நாயைக் கண்டால் தெரு மாறிப் போகிறவன் நான். ஆனாலும் கேட்டுக்குள் நுழைந்ததும், தூங்கிக்கொண்டிருந்த அவர்கள் நாய் ராஜாவைத் தடவிக்கொடுக்கப் போய் அதன் வாலை மிதித்துவிட்டேன். ராஜா என் கெண்டைக்காலில் பல்லைப் பதித்துவிட்டுப் புதருக்குள் ஓடியது. யாரும் கவனிக்கவில்லை.

வெறிநாய்க்கடி பற்றி நிறையப் படித்திருந்தேன். உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், தாமதிக்காமல் ஊசி போட வேண்டும், நோய் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. இவ்வளவும் தெரிந்த மேதை, பேண்ட் காலை இழுத்துவிட்டுக் கடியை மறைத்துக்கொண்டு சோபாவில் போய் அமர்ந்தேன். சாக்ஸ் நனைந்துகொண்டிருந்தது.

"நாய்க்கு ஊசியெல்லாம் போட்டிருக்குதுங்களா?" என்று போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டேன்.

"ஓ, போட்டாச்சுங்க" என்றார் பெண்ணின் அப்பா.

"எப்பங்க?"

"குன்னூர் ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ் நின்னுபோச்சுங்களே, அப்ப."

"போன ஐப்பசியில சரிஞ்சதுங்களா? அதுக்கு ரெண்டு வருசம் முந்தி ஆனியில சரிஞ்சதுங்களா?"

மாமா என் தொடையைக் கிள்ளினார்.

"ஆனிதானுங்க."

"அப்படின்னா ரெண்டரை வருசமாச்சுங்களே! வருசா வருசம் போடணுமுங்க!" என் குரல் கீச்சிட்டது.

கேசரித் தட்டோடு வந்த பெண் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாக்ஸைப் பார்த்தாள்.

"ஏனுங்க, ராஜா கடிச்சிருச்சுங்களா?"

"லேசாத்தானுங்க..."

தட்டை மாமாவின் மடியில் வைத்தாள். "எந்திரிங்க. குழாயடிக்கு வாங்க."

தை மாதக் குழாய்த் தண்ணீர்! என் காலைப் பிடித்துக்கொண்டு, கால் மணி நேரம் சோப்பைப் போட்டுக் கழுவினாள். அவள் அத்தை காபித்தூளோடு ஓடிவந்தார்.

"அதெல்லாம் வெக்கக் கூடாதுங்கத்தை."

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டம்மா வேலியோரம் வந்தார்.

"மாப்பிள்ளைங்களா?"

"இன்னும் முடிவாகலீங்க" என்றாள், நுரையைத் துடைக்காமல்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு. அன்றே முதல் ஊசி. ராஜாவைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் கவனித்தார்கள். அது சௌக்கியமாக என்னைத் தவிர எல்லாரிடமும் வாலாட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் ஊசி போட்டார்கள்.

இதற்கிடையே ஜோசியர் நிச்சயதார்த்தத்துக்குக் குறித்த நாள், என் ஊசி நாளோடு மோதியது. "ஊசியை மறுநாள் போட்டுக்கலாம்" என்று மாமா சொல்லி அனுப்பினார். லவ்டேலிலிருந்து பெண்ணே பதில் சொல்லி அனுப்பினாள்: "நிச்சயத்தை மறுநாள் வெச்சுக்கலாம். ஊசி தள்ளக் கூடாது." அவளுக்குச் சம்மதம் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கல்யாணத்தன்று எனக்குக் கால் கழுவ மைத்துனன் சொம்போடு உட்கார்ந்தான். பந்தலே கேட்கும்படி, "இதை அக்கா எப்பவோ முடிச்சிருச்சுங்களே!" என்றான். புரோகிதர்கூட மந்திரத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் யார் கல்யாணமானாலும், மாப்பிள்ளைக்குக் கால் கழுவும் நேரத்தில் கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைத்தான் பார்க்கிறது. முன்வரிசையிலிருந்து என் மனைவி கேட்கிறாள்:

"சோப்பு வேணுமுங்களா?"